நிர்ப்பீடனச் செம்மலும் மனோகரியின் கோழிகளும்

மூன்றாவது பொன்னாடை தோளில் விழுந்த கணத்தில்தான் பேராசிரியர் கோபிசங்கர் முன்வரிசையில் இருந்த கோழியைக் கண்டார். ஒரு பெண்ணின் மடியில் பிஸ்கற் வந்த மட்டைப்பெட்டி இருந்தது. பெட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை. தலை நேராக இல்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோலக் கழுத்து முறுகி, அலகு கூரையைப் பார்த்தபடி நின்றது. கூரையில்தான் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மண்டபத்தில் ஒலிபெருக்கியை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே உயிர் அதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"உலகம் போற்றும் விஞ்ஞானி! புங்குடுதீவு மண் பெற்றெடுத்த புதல்வர்! நூற்று நாற்பத்துமூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தந்தை!" என்று சனசமூக நிலையச் செயலாளர் சிவகரன் முழங்கிக்கொண்டிருந்தார்.

புங்குடுதீவு மண் அவரை நேரடியாகப் பெற்றெடுக்கவில்லை. தகப்பனார் காலியில் கடை வைத்திருந்தவர். கோபிசங்கர் பிறந்தது அங்கே, படித்தது கொழும்பில், பெரிய மனிதர் ஆனது லண்டனில். பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு தடவை ஊருக்கு வந்து, இரண்டு தடவையும் வயிற்றோட்டத்தோடு திரும்பியிருக்கிறார். நுண்ணுயிர்களோடு அவருக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் அதுதான். விழா மலரில் அந்த விவரம் இல்லை.

மலரின் அட்டையில் 'நிர்ப்பீடனச் செம்மல்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தார்கள். நிர்ப்பீடனம் என்றால் நோயை எதிர்த்து நிற்கிற உடம்பின் வல்லமை என்று இங்கத்தைய பாடப்புத்தகம் சொல்லும். முதலில் 'ஞாயிறு' என்றுதான் பட்டம் கொடுக்க யோசித்தார்களாம். ஆனால் போன வருடம் பக்கத்து வட்டாரத்தார் ஒரு கண் வைத்தியருக்கு ஞாயிறைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே தீவில் இரண்டு ஞாயிறு கூடாது என்று நிர்வாகசபை கூடி முடிவெடுத்தது. அந்த வட்டாரத்தாரும் சும்மா இருக்கவில்லை. கோபிசங்கரின் தாய்வழி எங்களுடையது என்று உரிமை கோரி, அதே நாள் பின்னேரம் நாலு மணிக்குத் தங்கள் பங்குக்கு ஒரு பாராட்டு விழா வைத்திருந்தார்கள். அவர்களுடைய பதாகையில் கட்டுரைகள் நூற்றைம்பது.

நூற்று நாற்பத்துமூன்று என்ற எண்ணைப் பற்றி அந்த மண்டபத்தில் கோபிசங்கருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அதில் எழுபத்தொன்றுதான் அவருடையது. மனிதரின் இரத்தப் புற்றுநோயில் வெண்குழியங்கள், அதாவது வெள்ளையணுக்கள், எப்படிப் போரிடுகின்றன, எப்படித் தோற்றுப்போகின்றன என்பதைப் பற்றிய கட்டுரைகள் அவை. மிச்சம் எழுபத்திரண்டும் தமிழ்நாட்டில் நாமக்கல் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோபிசங்கருடையவை. அவர் கோழி நோய்க்காரர். இவருடைய தகப்பன் கந்தையா, அவருடைய தகப்பன் கந்தசாமி. இரண்டுக்கும் இங்கிலீசில் ஒரே முதலெழுத்து. விஞ்ஞானிகளின் கட்டுரைகளைத் திரட்டி எண்ணி வைக்கிற இணையப் பக்கம் ஒன்று, தகப்பன்மாரை விசாரிக்கிற பழக்கம் இல்லாததால், இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முந்தி ஒரு காலையில் எழும்பிப் பார்த்தபோது இரவோடிரவாகத் தன் உழைப்பு இரட்டித்திருந்ததைக் கோபிசங்கர் கண்டார். 'இவை எல்லாம் உங்களுடையவைதானா?' என்று பக்கம் மரியாதையாகக் கேட்டது. 'ஓம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டு பொத்தான்கள். விரல் 'இல்லை'யை நோக்கித்தான் போனது. அதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும்போலிருந்தது. அடுத்த கிழமை பதவி உயர்வுக் குழு கூடியது. "மனித இரத்தத்திலிருந்து பறவை நோய் வரை, எவ்வளவு பரந்த பார்வை!" என்று தலைவர் வியந்தார். தலைப்புகளை அவர் வாசித்திருக்கவில்லை, எண்ணியிருந்தார். அதன்பிறகு 'இல்லை'யை அமத்துவது அந்த நல்ல மனிதருக்குச் செய்யும் நன்றிகெட்ட வேலையாகக் கோபிசங்கருக்குப் பட்டது. கோபிசங்கர் கெட்டவரல்ல. எண்களுக்கு மதிப்புக் கொடுக்கிறவர்.

உலகத்தில் ஒரே ஒருவர் மட்டும் அந்தப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்திருந்தார். அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியை பிரியவதனி. சிவகரனின் வேண்டுகோளுக்கிணங்க எல்லாத் தலைப்பையும் தமிழில் பெயர்த்து, இலக்கமிட்டு, சின்ன எழுத்தில் மலரின் பின்பாதியை நிரப்பியவர். தமிழில் வந்த பிறகு ஊர் முழுக்க அதை வாசித்தது.

நன்றியுரை முடிந்ததும் பெட்டிக்காரப் பெண் எழுந்து மேடைக்கு வந்தாள். கூடவே பிரியவதனி.

"பிள்ளை, சபையிலை இதென்ன கூத்து?" என்றார் சிவகரன், ஒலிவாங்கியைக் கையால் பொத்தியபடி.

"நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. உங்கடை வேலை முடிஞ்சுது. இனி எங்கடை வேலை" என்றாள் பிரியவதனி. பிறகு பேராசிரியரிடம், "சேர், இவ மனோகரி. கோழி வளர்க்கிறா. வெள்ளிக்கிழமையிலையிருந்து கோழியள் செத்துக்கொண்டிருக்குது. உங்கடை அறுபத்தெட்டாவது கட்டுரையிலை இருக்கிற மாதிரியே இருக்குது. கழுத்து முறுகல், பச்சையாக் கழிச்சல், மூச்சிழுப்பு."

அறுபத்தெட்டாவது கட்டுரை என்னவென்று கோபிசங்கருக்குத் தெரியாது. அறுபத்தெட்டு என்றால் எழுபதுக்குக் கிட்ட வரும் இலக்கம் என்பது மட்டும் தெரியும். நாற்பது நாட்டு மேடைகளில் கேள்விகளை எதிர்கொண்ட குரலில், "சுவாரசியமாக இருக்கு" என்றார். "மிருக வைத்தியருக்குச் சொன்னனீங்களோ, தங்கச்சி?"

மனோகரி அவரை வியப்போடு பார்த்தாள். "அவரை ஏன் சேர் கரைச்சல்படுத்துவான்? இந்த வருத்தத்துக்கு உலகத்திலையே பெரிய ஆள் ஞாயிற்றுக்கிழமை வாறார் எண்டு மலரிலை போட்டிருக்கு. சேர் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

கோபிசங்கரின் தோளில் மூன்று பொன்னாடைகளும் திடீரென்று கனத்தன. மத்தியானம் சிவகரன் வீட்டில் கோழிக்கறி என்று காலையில் சொல்லியிருந்தார்கள். அது எந்தக் கோழி என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

மனோகரியின் கோழிகள் ரொறன்ரோவில் இருக்கும் ஒரு குடும்பம் ஊரில் கட்டிப்போட்ட மாளிகையில் குடியிருந்தன. வாசலில் சிங்கங்கள், கூடத்தில் இத்தாலிய மாபிள், சுவரில் வீட்டுக்காரத் தம்பதிகளின் ஆளுயரப் படம். கட்டி முடித்துக் குடிபுகுந்த அன்று ஒரு தரம் பால் காய்ச்சினார்கள். அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. கூட்டித் துடைத்து விளக்கேற்றும் பொறுப்பு மனோகரியினது. கோழி வளர்க்க வட்ஸ்அப்பில் உத்தரவு கேட்டபோது, மேல்மாடிக் கட்டில் அறையை மட்டும் திறக்கவேண்டாம் என்று பதில் வந்தது. ஆகவே நல்ல கோழிகள் கூடத்திலும் வருத்தக் கோழிகள் விருந்தினர் அறையிலுமாக இருந்தன. விருந்தினர் அறையிலிருந்து விடியவிடிய இரண்டு, மூன்றாகக் கொல்லைப்புறத்தில் வெட்டிய கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தன.

"கூடத்திலை நிக்கிறதுகளுக்கு இன்னும் ஒண்டுமில்லை சேர்" என்றாள் மனோகரி, அவரை மாளிகைக்குள் கூட்டிக்கொண்டு போய். "இதுகள் போனால் நான் திரும்பக் கடலிலை றால் பொறுக்கத்தான் போகவேணும். அந்த உப்புத் தண்ணியிலை இனி என்ரை காலுக்கு ஏலாது. இதுகளையாவது மிச்சம் பிடிச்சுத் தாங்கோ."

அவளுடைய கணுக்கால் இரண்டும் வெளிறி, தோல் வெடித்துக் கிடந்தன. கூடத்துக் கோழிகள் மாபிளில் நகம் தட்டத் தட்ட நடந்தன. நல்ல சிவப்புக் கொண்டை, பளபளத்த செட்டை. கோபிசங்கருக்குக் கோழியின் நிர்ப்பீடனத்தைப் பற்றி ஓரளவு தெரியும். மாணவராக இருந்தபோது பரீட்சைக்குப் படித்தது. அதில் மிச்சமிருந்தது ஒரு வரைபடத்தின் நினைவு. வரைபடத்தில் ஒரு கோழி இருந்தது, அதற்கு நோய் இல்லை.

"ஒரு முக்கியமான கோல் எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அறுபத்தெட்டாவது கட்டுரையைத் தேடி எடுத்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பட்டியலைத் தானே வாசிக்கிறார் என்பதை உணர்ந்தார். தெளிவான கட்டுரை. பொறாமைப்படக்கூடிய அளவுக்குத் தெளிவு. அடியில் ஆசிரியரின் போன் இலக்கம் இருந்தது.

"ஹலோ, கோபிசங்கர் பேசறேனுங்க."

"நானும் கோபிசங்கர்தான்" என்றார் பேராசிரியர்.

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. "எந்த ஊருங்க?"

"லண்டன்."

பின்னால் எங்கோ ஆயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன.

"ரத்தப் புற்றுநோய்ங்களா?"

"ஓம்."

"ஐயோ சார்! உங்களத்தாங்க ஒரு மாசமா எப்படிப் புடிக்கறதுன்னு கெடந்தேன். நான் கோழிங்க."

"தெரியும். எனக்கு இப்ப கோழிதான் தேவை."

"அந்தப் பக்கத்தப் பாத்தீங்களாங்க? நீங்க 'இல்லை'ய அமுக்கலீங்களா?"

"நீங்கள் அமத்தினீங்களோ?"

"இல்லைங்க. எனக்குப் பதவி உயர்வு வந்துருச்சு. புற்றுநோய் வரைக்கும் போயிருக்காருன்னு மொதலாளி அசந்துட்டாரு."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றார் கோபிசங்கர்.

ஆறு வருடமாக ஒருவரின் சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு நின்றவருக்கு, தன் சட்டைப்பையிலும் ஒரு கை இருந்தது தெரியவந்தால் வருவது கோபம் அல்ல. பெரிய ஆறுதல். இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு நாமக்கல்காரரின் குரல் மாறியது. என்ன அறிகுறி, எத்தனை நாளாக, தண்ணீர் எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டார். நோய்க்கோழி விழாவுக்கு வந்திருந்ததைச் சொன்னபோது, "சாமீ! கூட்டத்துக்கா?" என்று அலறினார். "வந்தவங்க அத்தன பேரும் செருப்பக் கழுவாம அவங்கவங்க கோழிகிட்டப் போகக் கூடாதுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க. அப்புறம் செத்த கோழி ஒண்ண அறுத்து எனக்கு வீடியோல காட்டுங்க. பாக்காம சொல்ல மாட்டேன்."

அறுக்கும்போது போனைப் பிடிக்க ஒருவர் வேண்டியிருந்தது. பிரியவதனி பிடித்தாள்.

குசினிக் கத்தியை மனோகரி தீட்டிக் கொடுத்துவிட்டுக் கிடங்கில் போடச் சுண்ணாம்பு எடுக்கப் போனாள். கோழியைக் கிடத்த ஒன்றும் அகப்படவில்லை. பிரியவதனி தன் கைப்பையிலிருந்த மலரை நடுவில் விரித்துக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். இலக்கமிட்ட தலைப்புகளின் மேல் கோழி மல்லாந்து கிடந்தது. கோபிசங்கர் பொன்னாடைகளைக் கழற்றிப் பப்பாசி மரத்தில் போட்டார். கத்தி கையில் வந்ததும் விரல்கள் ஒரு கணம் தயங்கின. எத்தனையோ வருடமாக அவருடைய ஆய்வுகூடத்தில் வெட்டுவதும் ஊற்றுவதும் எண்ணுவதும் மற்றவர்களின் கைகள். அவருடைய கை கீழே கையெழுத்து வைத்தது. ஆனால் முதல் கீறல் நேராக விழுந்தது. தோல் விலகியது, நெஞ்செலும்பு கழன்றது. தான் இதில் ஒருகாலத்தில் கெட்டிக்காரனாக இருந்தது அவருக்கு நினைவு வந்தது.

"கல்லு இரைப்பை தெரியுதுங்களா? அதுக்கு முன்னாடி மெத்துன்னு ஒண்ணு இருக்கும். அதப் பொளந்து உள்பக்கம் காட்டுங்க. கிட்டக் கொண்டாங்கம்மா... ஆங். குண்டூசி குத்துனாப்புல செவப்புப் புள்ளி இருக்குதுங்களா?"

"இருக்குது" என்றாள் பிரியவதனி, அவருக்கு முந்தி.

"அப்பக் கழிச்சல் நோய்தாங்க. வந்ததுக்கு மருந்து கெடையாது. வராததுக்கு இன்னிக்கே, இப்பவே, கண்ணுல தடுப்பு மருந்து ஒரு சொட்டு. உள்ளாற ஏற்கெனவே புகுந்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, புகாததெல்லாம் தப்பிச்சுக்கும். ஊர் டாக்டரக் கூப்பிடுங்க. சார், நம்ம விஷயம் ஒண்ணு இருக்குது, அப்புறம் அனுப்பறேன்."

போன் அணைந்தது. பிரியவதனி அதைத் தன் சேலைத்தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள்.

"மொழிபெயர்க்கேக்கையே யோசிச்சனான் சேர்" என்றாள். "அரைவாசிக் கட்டுரையிலை ஆள் சுருக்கமாச் சொல்லுறார். மற்ற அரைவாசியிலை சுத்திச் சுத்திச் சொல்லுறார். ஒருத்தருக்கு ரெண்டு குணம் இருக்கலாம் எண்டு விட்டிட்டன்."

எந்த அரைவாசி தன்னுடையது என்று கோபிசங்கர் கேட்கவில்லை.

"மலர் இரண்டாம் பதிப்பு அடிச்சால் அட்டையிலை ரெண்டு படம் போடலாம்" என்று சொல்லிவிட்டு அவள் மிருக வைத்தியருக்கு எடுத்தாள்.

மிருக வைத்தியர் வேலணையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் மோட்டச்சைக்கிளில், பின்னால் குளிர் காக்கும் றெஜிபோம் பெட்டி நிறைய ஐசும் மருந்துமாக வந்து இறங்கினார். இளம் ஆள். ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார், கிடங்கை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, போன் அடிச்சிருந்தால் வெள்ளிக்கிழமையே வந்திருப்பனே. ஏன் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்கள்?"

மனோகரி திரும்பினாள். பேராசிரியரைப் பார்த்தாள். மிருக வைத்தியரும் அவள் பார்த்த திசையில் பார்த்தார். கையில் கோழி இரத்தத்தோடு, பப்பாசி மரத்தில் பொன்னாடை தொங்க ஒரு பெரிய மனிதர் நிற்பதைக் கண்டு மரியாதையாகத் தலையசைத்தார்.

அதற்குள் செருப்புக் கழுவும் செய்தியை ஒலிபெருக்கியில் சொல்லப் போன சிவகரன் அதைத் தன் பாணியில் சொல்லிக்கொண்டிருந்தார். பனங்கூடலுக்கு மேலால் குரல் வந்தது: "அன்பார்ந்த பொதுமக்களே! எமது செம்மல் அவர்கள் தமது நூற்று நாற்பத்துநான்காவது ஆராய்ச்சியை இப்பொழுது எமது மண்ணில் நடாத்திக்கொண்டிருக்கிறார்கள்! சகலரும் தத்தமது பாதணிகளைக் கழுவி ஒத்துழைக்கவும்!"

மருந்து விடத் தொடங்கினார்கள். மனோகரி கோழியைப் பிடித்துக் கொடுக்க, கோபிசங்கர் செட்டையை அணைத்துத் தலையைச் சரித்துப் பிடிக்க, மிருக வைத்தியர் கண்ணில் ஒரு துளி விட்டார். துளி பரவிக் கோழி கண்ணை மூடித் திறந்ததும் விட்டார்கள். அடுத்தது. கோழியின் உடம்பு இவ்வளவு சூடு என்று அவருக்குத் தெரியாது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது. இந்தத் துளிக்குப் பிறகு அதற்குள் என்ன நடக்கும் என்பது அவருக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். எந்தக் குழியம் முதலில் எழும்பும், எது எதைக் கூப்பிடும், எத்தனை நாளில் படை திரளும். அதை அவர் சொன்னார். சுத்தமாக, சுருக்கமாக, வெட்டிய கோழிக்கும் வெட்டாத கோழிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதுபோல. மிருக வைத்தியர் கேட்டுக்கொண்டே துளி விட்டார். பிரியவதனி நிமிர்ந்து பார்த்தாள். இது சுற்றிச் சுற்றிச் சொல்லுகிற அரைவாசி அல்ல.

அரைவாசிக் கூடம் முடிந்தபோது மனோகரி கேட்டாள், கையில் இருந்த கோழியைக் கொடுக்காமல்.

"சேர். வெள்ளிக்கிழமையே டொக்டரைக் கூப்பிட்டிருந்தால் மற்றதுகளும் தப்பியிருக்குமோ?"

சொல்வதற்கு நல்ல பதில்கள் பல இருந்தன. நோய் வருமுன் உடம்பில் மறைந்திருக்கும் காலம் உண்டு. வைரசில் வகைகள் உண்டு. மேலதிக ஆய்வு தேவை என்று முடிக்கலாம், எழுபத்தொரு கட்டுரையும் அப்படித்தான் முடிந்திருந்தன.

"ஓம்" என்றார். "கனக்கத் தப்பியிருக்கும்."

மனோகரி தலையை ஆட்டினாள். கோழியை அவரிடம் நீட்டினாள்.

"குறை நினையாதேங்கோ. அடுத்தமுறை நீங்கள் வந்தாலும் நான் டொக்டரைத்தான் கூப்பிடுவன்."

"அதுதான் சரி."

"வாறதெண்டால் வாங்கோ. கோழி பிடிக்க ஆள் தேவை."

நாலு மணி தாண்டியது. பக்கத்து வட்டாரத்தின் ஒலிபெருக்கி உயிர்பெற்று, நூற்றைம்பது கட்டுரைகளின் தந்தை வந்துகொண்டிருப்பதாக அறிவித்தது. சிவகரன் வாசலுக்கு வந்து, சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, "சேர், வாகனம் நிக்குது. அவங்களுக்கு முன்னாலை எங்கடை மானம் போகப்போகுது" என்றார். "செருப்பைக் கழுவிப்போட்டு நிண்டு பிடியுங்கோ அண்ணை, கெதியா முடியும்" என்றாள் பிரியவதனி. சிவகரன் செருப்பைக் கழுவினார். முதல் கோழி அவருடைய வேட்டியில் கழித்தது.

கடைசி வரிசைக்கு முன் மருந்துப் போத்தல் மாற்ற நேரமெடுத்தது. அந்த இடைவெளியில் கோபிசங்கரின் சட்டைப்பையில் போன் ஒருதரம் நடுங்கியது, பிறகு விடாமல் நடுங்கியது. நாமக்கல். குரல் செய்தி முதலில்.

"சார், நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். இப்ப நான் கேக்கறேனுங்க. ஊர்ல எனக்கு ஒரு பாராட்டு விழா வச்சாங்க, புற்றுநோய் ஆராய்ச்சியாளர்னு போஸ்டர் அடிச்சு. தடுக்கலைங்க நான். மறுநாளே பக்கத்து ஊர்லருந்து ஒரு பையன் அவங்கம்மா ரத்த ரிப்போர்ட்டக் கொண்டாந்து குடுத்துட்டான். பழனியம்மான்னு பேரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, போகலைங்க. நான் பாத்துச் சொல்லட்டும்னு உக்காந்திருக்காங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம ஒரு மாசமா வச்சிருக்கேனுங்க."

அதன் பின்னால் படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. மடிப்பு விழுந்த தாள்கள், மூலையில் ஒரு கட்டைவிரல், மங்கலான எண்கள்.

கோபிசங்கர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடையில் உட்கார்ந்தார். 'இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கோ' என்று முதலில் எழுதி அனுப்பினார். அவர் வைத்தியர் அல்ல, அதையும் எழுதினார். பிறகு முதல் படத்தை இரண்டு விரலால் விரித்தார். விரலில் இருந்த கோழிச் செட்டைத்தூவல் கண்ணாடியில் ஒட்டியது, ஊதித் தள்ளினார். வெண்குழியங்கள். அந்த எண்ணை அவர் ஒருதரம் பார்த்தார், பக்கத்து வரியைப் பார்த்தார், திரும்ப முதல் எண்ணுக்கு வந்தார். வாசலில் வாகனம் ஹோர்ன் அடித்தது. மனோகரி அடுத்த கோழியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள், ஆனால் கூப்பிடவில்லை. அவருடைய காலடியில், மருந்து விழுந்த கோழி ஒன்று ஈரக்கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, மற்றக் கண்ணால் போன் வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் கழுத்து நேராக இருந்தது.